மருந்தகத்துத் தாய்



நம் நாட்டுப் பாடசாலைகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் யாரேனும் ஒரு பெரியாரின் பெயர் இருக்கும். அவருடைய படம் மண்டபத்துச் சுவரிலே தொங்கும். ஆண்டுக்கொரு முறை அப்படத்திற்கு மாலை சூட்டுவோம். அவரைப்பற்றி ஒரு மாணவர் மனனஞ் செய்து பேசுவார். மறுநாள் மாலை வாடிவிடும். ஆசிரியனாகவும் அதிபராகவும் இருந்துவரும் நான் இக்காட்சியைப் பல ஊர்களிற் கண்டிருக்கிறேன். ஒருமுறை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையொருத்தி அத்தகைய படமொன்றை அண்ணாந்து பார்த்தபடி நின்று, "சேர், இவர் எங்கட பள்ளிக்கூடத்துக்கு எப்பவாவது வந்தவரோ?" என்று கேட்டாள். அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின்னரே இக்கட்டடம் எழுந்தது என்று விடை கூறினேன். பிள்ளை தலையசைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவள் கேட்ட கேள்வி மட்டும் என்னோடு நின்றுவிட்டது.

பெயருக்குரியவரே வந்து பிள்ளைகளோடு உறவாடிய பாடசாலையொன்றைப்பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஒகாயோ மாநிலத்தில், ஈரி என்னும் பெரிய ஏரியின் மேற்குக் கரையை அடுத்துத் தொலீடோ என்றொரு கைத்தொழில் நகரம் உண்டு. கண்ணாடி வார்ப்புக்குப் பேர்போன நகரம் அது. அங்கே 1961ஆம் ஆண்டு ஓர் ஆரம்பப் பாடசாலை திறக்கப்பட்டபோது, அதற்கு எல்லா ஸ்ரூவேட் என்னும் அம்மையாரின் பெயரைச் சூட்டினர். அப்போது அவருக்கு வயது 68. அவர் அரசியல் தலைவர் அல்லர். பெருஞ் செல்வரும் அல்லர். அந்நகரத்துத் தெருவொன்றிலே இருபதாண்டுகளுக்கு மேலாகக் கணவரோடு மருந்தகம் நடத்தியவர். மருந்தாளர், நாடுகள் பல கண்டவர், ஒரு பெண் குழந்தையைப் பெற்று மூன்றாண்டுகளில் இழந்த தாய்.

எல்லா என்னும் சொல்லை நம் மொழியிலே தனித்து வழங்குவதில்லை. எல்லாரும், எல்லாம் என அதனோடு வேறொன்று சேர வேண்டும். அம்மையாரின் பெயருக்கு அவர் மொழியில் அப்பொருள் இல்லைதான். எனினும், ஒரு பிள்ளையை இழந்தவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியவரான வரலாற்றைத் தமிழிற் சொல்லும்போது, அப்பெயர் பொருந்தியே ஒலிக்கின்றது.

1893ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், வேர்ஜீனியா மாநிலத்திலே பெரிவில் என்னும் சிற்றூரின் அருகில், கறுப்பினக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் பங்குக்கு நிலஞ் செய்பவர்கள். நிலம் வேறொருவருடையது, உழைப்பு இவர்களுடையது, விளைவில் ஒரு பங்கு நிலக்காரருக்குப் போகும், எஞ்சியதிற் பெரும் பகுதி கடனுக்குப் போகும். அந்நாட்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865ஆம் ஆண்டில். ஆகவே எல்லா பிறந்தபோது, சந்தையில் விற்கப்பட்ட அநுபவத்தை நினைவிற் சுமந்த முதியோர் கறுப்பின ஊர்கள்தோறும் உயிரோடிருந்தனர். விடுதலை வந்துவிட்டது, நிலமும் பள்ளியும் வாக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

பள்ளியைத் தேடி அப்பிள்ளை வீட்டைவிட்டுப் போக வேண்டியிருந்தது. விடுதலை பெற்ற மக்களின் பிள்ளைகளுக்கென ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்னும் மலைநகரில் ஸ்ரோரர் கல்லூரி நிறுவப்பட்டிருந்தது. அடிமைமுறையை எதிர்த்து ஜோன் பிரௌன் என்பார் 1859இல் ஆயுதமேந்திய ஊர் அது. கறுப்பின மக்களின் சமவுரிமைக்காக அறிஞர் டூ போய்ஸ் முதலியோர் தொடங்கிய நயாகரா இயக்கம் 1906இல் அக்கல்லூரி வளாகத்திலேதான் கூடியது. நான்காண்டுகளின் பின்னர், 1910இல், எல்லா அங்கே படித்துத் தேறினார். ஒரு மண்ணிலே சொல்லப்பட்ட வார்த்தைகள் அங்கே படிக்கும் பிள்ளைகளின் காதில் விழாமலா போகும்?

படிப்பு முடிந்ததும் திருமணம் நிகழ்ந்தது. கணவரோடு பிற்ஸ்பேர்க் நகரை அடைந்தார். உருக்காலைகளின் புகை சூழ்ந்த நகரம் அது. அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாம் பிறந்த மண்ணின் பெயரும் அதுவாகவே அமைய, குழந்தைக்கு வேர்ஜீனியா என்று பெயரிட்டார். குழந்தை மூன்று வயதளவில் குக்கல் கண்டு இறந்தது.

நேயர்களே, குக்கல் என்று நாம் வழங்கும் கக்குவான் இருமலை இன்றைய இளந் தாய்மாரிற் பலர் கண்டதில்லை. கண்டவர்கள் மறந்ததுமில்லை. முதலிலே சாதாரணத் தடிமன் போலத் தொடங்கும். ஒரு வாரம் இரு வாரங்களில் இருமல் அடுக்கடுக்காக எழும். இடையே மூச்சு வாங்க இடமிராது. முகம் சிவந்து நீலம் பாரிக்கும். இருமி முடிந்தபின் குழந்தை மூச்சை உள்ளிழுக்கையிலே கூவுவதுபோல ஓர் ஓசை பிறக்கும். பின் வாந்தி. பின் மறுபடியும் இருமல். இவ்வாறு வாரக்கணக்காக நீடிக்கும். நோயை உண்டாக்கும் கிருமியை போர்டே, ஜெங்கூ என்னும் இரு பெல்ஜிய அறிஞர் 1906இல் பிரித்தெடுத்துவிட்டனர். ஆயினும், எல்லாவின் குழந்தை படுக்கையிற் கிடந்த காலத்தில், அந்த அறிவு ஒரு மருந்தாக மாறி எந்தத் தாயின் கைக்கும் வந்து சேரவில்லை.

கைக்கு வந்து சேர்ந்தவை வேறு. இருமலுக்கென்றும் அழும் பிள்ளையை உறங்கவைப்பதற்கென்றும் கடைதோறும் விற்கப்பட்ட பாணிகள் சிலவற்றில் அபினியும் மோர்பினும் கலந்திருந்தன. 1906இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, போத்தலின் உள்ளே அத்தகைய பொருள் இருந்தால் அதனை வெளியே எழுத வேண்டுமெனப் பணித்தது. எழுத்து ஒட்டப்பட்டது, அதனை வாசித்துப் பொருள் சொல்ல ஒருவர் வேண்டுமே! இரவெல்லாம் விழித்து, விடிந்ததும் பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு ஓடிவரும் தாய், கடைக்காரர் எடுத்து நீட்டுவதை வாங்கிக்கொண்டு போவாள். அந்நேரத்தில் மேசையின் மறுபுறம் நிற்பவர் அறிவும் நேர்மையும் உள்ளவரா, அல்லரா என்பதே ஓர் உயிரின் வழக்காகிவிடும்.

ஒரு வாழ்க்கையிலே இந்தத் துயரந்தான் இந்தச் செயலுக்குக் காரணம் என்று கோடு கிழித்துக் காட்டுதல் எனக்கு உடன்பாடன்று. நிகழ்ந்த வரிசையை மட்டும் சொல்கிறேன். குழந்தை போயிற்று. மணவாழ்வும் முறிந்தது. அந்த இளம் பெண் ஒரு மருந்துக்கடையிற் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தார். வரவு செலவு எழுதிய கண்கள் சிறிது சிறிதாகத் தராசின் பக்கமும் உரலின் பக்கமும் திரும்பின. தாமும் மருந்தாளராக வேண்டுமென்று முடிவு செய்தார்.

பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தின் மருந்தாக்கற் பிரிவுக்கு விண்ணப்பித்தபோது, அநுமதி முடிந்துவிட்டது என்ற விடை வந்தது. அவ்வாறு சொல்லப்படும் கதவுகள் யாருக்கு மூடப்படுகின்றன, யாருக்குத் திறந்திருக்கின்றன என்பதை அவர் அறியாதவரல்லர். விடாது முயன்றார். 1914இல் இடம் கிடைத்தது. இடம் என்றேன், வகுப்பிலே மற்ற மாணவர்களோடு சேர்ந்திருக்கும் இடம் அன்று. தனித்து அமர்த்தப்பட்டார்.

இந்தச் செய்தியைக் கேட்டு அந்நாட்டை மட்டும் குறைகூறிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. யாழ்ப்பாணத்திலே சாதியின் பெயரால் ஒரு பகுதிப் பிள்ளைகளைத் தரையில் இருத்திய வகுப்பறைகள் இருந்தன. 1930ஆம் ஆண்டளவில் சம ஆசனம் அளிக்க வேண்டுமென்ற விதி வந்தபோது, எதிர்த்து நின்றவர்கள் படித்தவர்கள். பாடசாலைகள் சில தீக்கிரையாகவும் செய்தன. வாங்கிலே ஓரிடம் என்பது சிறு பொருள்போலத் தோன்றும். அது மறுக்கப்பட்ட பிள்ளைக்கு அதுவே உலகம். இதனை நம்மவர் மறவாதிருத்தல் நன்று.

தனித்து அமர்த்தப்பட்ட மாணவி 1916இற் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கவியலிற் பட்டம் பெற்ற முதலாவது கறுப்பினப் பெண் அவரே. அதே ஆண்டில் மாநிலப் பரீட்சையிலும் தேறி, பென்சில்வேனியாவில் அநுமதிப் பத்திரம் பெற்ற மருந்தாளருமானார்.

அக்காலத்து மருந்தாளரின் தொழில் இன்றையதைப்போல அட்டையிலுள்ள வில்லைகளை எண்ணிக் கொடுப்பதன்று. வைத்தியர் எழுதிய சீட்டைப் பார்த்து, மருந்தைத் தாமே ஆக்க வேண்டும். வேரையும் பட்டையையும் உரலில் இடித்துப் பொடித்து, சிறு தராசில் நிறுத்து, சாற்றிலோ பாணியிலோ கலந்து, தூளாயின் காகிதத்தில் ஒரே அளவாகப் பங்கிட்டு மடித்து, குளிகையாயிற் பலகையில் உருட்டிக் கொடுக்க வேண்டும். வளர்ந்தவருக்கு மருந்தாவது குழந்தைக்கு நஞ்சாகும். தராசின் முள் ஒரு மயிரளவு பிசகினால், பிசகியதை உண்பவர் அறியார், நிறுத்தவரே அறிவார். யாரும் பாராத இடத்திலே சரியாக இருத்தல்தான் அத்தொழிலின் அறம். நம்மூர் மருந்துச்சாலைகளிலும் பழைய மருந்துக்கலவையாளர்கள் வெள்ளைப் போத்தலின் பக்கத்திலே வேளைக்கொரு படியாகக் காகிதக் கோடு வெட்டி ஒட்டிக் கொடுத்ததை என் தலைமுறையினர் சிலர் நினைவுகூர்வர். அந்தக் காகிதக் கோட்டை நம்பியே வீடுகளில் மருந்து ஊட்டப்பட்டது.

பிற்ஸ்பேர்க்குக்கு அண்மையிலுள்ள பிரடொக் நகரின் வைத்தியசாலையிலே எல்லா மருந்தாளராகப் பணியாற்றினார். அந்நகரிலே தாமே ஒரு மருந்துக்கடையும் நடத்தினார். வில்லியம் ஸ்ரூவேட் என்னும் மருந்தாளர் அங்கே அவருக்குத் துணையாக வந்தார். அவரும் அதே பல்கலைக்கழகத்தில் தேறியவர். இருவரும் 1920இல் மணஞ் செய்துகொண்டனர். பின் ஒகாயோவிலுள்ள யங்ஸ்ரவுன் நகர வைத்தியசாலையில் அம்மையாருக்கு வேலை கிடைத்தது. அவருக்கு முன் அங்கே கறுப்பினத்தவர் எவரும் பணியில் அமர்த்தப்பட்டதில்லை. முதல்வராக நுழைதல் என்பது பெருமை போலத் தோன்றினும், நுழைபவருக்கு அது ஒவ்வொரு நாளும் எழுதும் பரீட்சை. ஒருவர் தவறினால் ஓர் இனமே தவறியதாகப் பேசுவர். ஒருவர் வென்றால் அவரை விதிவிலக்கு என்பர்.

1922ஆம் ஆண்டு யூலை மாதத்தில், தொலீடோ நகரத்து இந்தியானா வீதியிலே "ஸ்ரூவேட் மருந்தகம்" திறக்கப்பட்டது. அந்நகரிற் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதலாவது மருந்தகம் அது. தெற்கு மாநிலங்களின் பருத்தி வயல்களைவிட்டுப் பல்லாயிரக் கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வட மாநிலங்களின் ஆலைகளை நாடி வந்துகொண்டிருந்த காலம். வந்த ஊரிலே அவர்களுக்குத் தெரிந்தவர் இல்லை. பல கடைகளின் மேசைகளிலே அமர உரிமை இல்லை. இந்நிலையில், தம்மைப்போன்ற ஒரு பெண் வெள்ளை அங்கி அணிந்து மேசையின் மறுபுறம் நின்று, சீட்டை வாங்கி வாசித்து, "இதனை உணவின் பின் கொடு" என்று சொல்வதை அவர்கள் கண்டார்கள். அக்காட்சியே பாதி மருந்தாக இருந்திருக்கும்.

கடைக்கு மேலே எட்டு அறைகள் கொண்ட வீட்டிலே தம்பதியர் வாழ்ந்தனர். அக்காலத்திலே கறுப்பினத்தவருக்கு, அவர் எத்துணைப் புகழ்பெற்றவராயினும், நல்ல விடுதிகள் பலவற்றில் அறை கிடையாது. பாடகி மரியன் அன்டர்சன், நடிகரும் பாடகருமான போல் ரோப்சன், கல்வியாளர் மேரி மக்லியோட் பெத்தூன், முன்னர் நான் குறிப்பிட்ட அறிஞர் டூ போய்ஸ் ஆகியோர் தொலீடோவுக்கு வந்தபோது தங்கியது இம்மருந்தகத்தின் மேல்மாடியில். 1939இல் வாஷிங்டனிலே ஒரு மண்டபத்தின் கதவு நிறத்தின் பொருட்டு மூடப்பட்டபோது, லிங்கன் நினைவாலயத்தின் படிகளில் நின்று எழுபத்தையாயிரம் பேர் கேட்கப் பாடிய அதே மரியன் அன்டர்சன்தான். உலகம் கைதட்டிய குரலுக்குப் படுக்க ஓரிடம் தந்தது ஒரு மருந்துக்கடைக்காரரின் வீடு. விருந்தோம்பலை அறமென்று போற்றிய மரபிலே வந்த நமக்கு இதன் பெருமையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். ஒகாயோவுக்கு அயல் மாநிலம் மிச்சிகன். அங்கே கிராண்ட் ரப்பிட்ஸ் என்னும் நகரத்துச் சுகாதார ஆய்வுகூடத்திலே பேர்ல் கென்றிக், கிறேஸ் எல்டரிங் என்னும் இரு பெண்கள் 1932ஆம் ஆண்டு முதல் குக்கலுக்குத் தடுப்பூசி காணப் பாடுபட்டனர். இருவரும் சிறு வயதில் அந்நோய் கண்டு பிழைத்தவர்கள். பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய அக்காலத்தில், பகலெல்லாம் ஆய்வுகூடத்தில் உழைத்துவிட்டு, மாலையிலே ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று, மண்ணெண்ணெய் விளக்கொளியிலே இருமும் பிள்ளைகளின் வாயருகே தட்டை நீட்டிக் கிருமிகளைச் சேகரித்தனர். பின்னாளில் அவர்களோடு சேர்ந்து, வீரியமிக்க கிருமிவகையைத் தெரிந்தெடுக்க உதவிய லோனி கோர்டன் ஒரு கறுப்பினப் பெண். 1940களில் அத்தடுப்பூசி அமெரிக்காவெங்கும் பரவியது.

ஸ்ரூவேட் மருந்தகம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, தம் மகளைக் கொன்ற நோய்க்குக் காப்பு வந்துவிட்டதை எல்லா அம்மையார் கண்டார். முப்பதாண்டுகள் முந்தியிருந்தால் என்று அவர் உள்ளம் எண்ணியிருக்குமா? பிள்ளையை இழந்த தாய்மார் இதற்கு விடை சொல்லட்டும். நம் நாட்டிலும் அத்தடுப்பூசி ஏனைய தடுப்பூசிகளோடு இலவசமாக வழங்கப்படுகின்றது. சிகிச்சை நிலையத்து வரிசையிலே அழும் குழந்தையோடு நிற்கும் தாய்மார்களே, அந்த ஊசி முனையிலே எத்தனை பேருடைய மாலைப்பொழுதுகளும் எத்தனை தாய்மாருடைய கண்ணீரும் சேர்ந்திருக்கின்றன என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

1945ஆம் ஆண்டு தம்பதியர் மருந்தகத்தை விற்றனர். பலர் அவ்வயதில் ஓய்வை நாடுவர். அம்மையாரோ வெளியே புறப்பட்டார். கறுப்பினப் பெண்களின் தேசியச் சங்கம் 1896இல் தோன்றியது. "ஏறும்போதே பிறரையும் ஏற்றுவோம்" என்பது அதன் கொள்கைவாசகத்தின் கருத்து. அச்சங்கத்தின் தலைவராக 1948 முதல் 1952 வரை அவர் பணியாற்றினார். 1952இல் ஏதென்ஸ் நகரிற் கூடிய பெண்கள் மாநாட்டுக்குப் பிரதிநிதியாகச் சென்றார். 1954, 1955ஆம் ஆண்டுகளில் நல்லெண்ணத் தூதராக ஆசிய நாடுகள் பலவற்றிற் சுற்றுப்பயணஞ் செய்தார். 1963இல் யுனெஸ்கோவுக்கான அமெரிக்க ஆணைக்குழுவிலும் இடம் பெற்றார்.

அப்பயணங்கள் நிகழ்ந்த ஆண்டுகளை நோக்குங்கள். 1954இலேதான், நிறத்தின்படி பாடசாலைகளைப் பிரித்து வைத்தல் அரசியலமைப்புக்கு முரணென்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுவிடங்களிற் பாகுபாட்டை விலக்கும் சட்டம் 1964இலேதான் வந்தது. அதாவது, தம் நாட்டின் சார்பாகப் பிற நாடுகளிலே மாலை மரியாதையோடு வரவேற்கப்பட்ட இம்மூதாட்டி, தம் நாட்டின் தெற்கு மாநிலத்து உணவுச்சாலை பலவற்றிலே அமர்ந்து ஒரு கோப்பை கோப்பி அருந்த முடியாதிருந்தார். இம்முரண்பாட்டை அவர் அறிந்தே சுமந்தார். நாட்டை வெறுத்து ஒதுங்கவுமில்லை. குறையை மறைத்துப் புகழ்பாடித் திரியவுமில்லை. திருத்த வேண்டியதைத் திருத்தும் பணியில் வீட்டிலும் வெளியிலும் நின்றார். பிள்ளையின் குறையை அறிந்தும் பிள்ளையைக் கைவிடாத தாயின் குணம் இதுவன்றோ?

இனி, நான் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். 1961இல் தொலீடோவிலே தம் பெயரால் ஒரு பாடசாலை எழுந்தபோது, திறப்புவிழா நாளோடு தம் கடமை முடிந்ததென்று அம்மையார் எண்ணவில்லை. அடிக்கடி அங்கே போனார். பிள்ளைகளைக் கண்டு பேசினார். தாம் சென்ற நாடுகளிலிருந்து கொணர்ந்த நினைவுப் பொருள்களை அப்பாடசாலைக்கே அளித்தார். ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகள் ஊரைவிட்டு வெளியே கால்வையாத வயதிலே, பெயர் கேட்டறியாத நாடுகளின் பொருள்களைக் கண்ணாற் காண முடிந்தது. கொண்டுவந்தவரே அருகில் நின்று கதையும் சொன்னால் அதனினும் சிறந்த பூமிசாத்திரப் பாடம் உண்டோ? பின்னாளில் அது சிறுமியருக்கெனத் தனிப் பாடசாலையாக மாற்றப்பட்டபோதும் அம்மையாரின் பெயர் மாறவில்லை.

1978இல் ஒகாயோ மாநிலம் தன் சிறந்த பெண்மணிகளின் வரிசையில் அவரைச் சேர்த்துக் கௌரவித்தது. 1987 நவம்பர் மாதத்தில், 94ஆம் வயதில் அவர் காலமானார்.

தாய்மை என்பதைப்பற்றி மேடைகளிலே நிறையப் பேசுகிறோம். பெற்று வளர்த்து ஆளாக்குவதே தாய்மை என்கிறோம், அது மெய்யே. ஆனால், வளர்க்கக் கிடையாமற் போன தாயின் தாய்மை எங்கே போகும்? அது கண்ணீராக உள்ளேயே உறைந்துவிடுவதும் உண்டு. அப்படி உறைந்தவர்களைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. எல்லா அம்மையாரிடத்தில் அது தராசாயிற்று, மருந்தாயிற்று, வழிப்போக்கருக்கு மேல்மாடியில் ஓர் அறையாயிற்று, ஈற்றிலே, பிள்ளைகள் ஓடிவரும் ஒரு பாடசாலை முற்றமாயிற்று. வேர்ஜீனியா என்னும் அக்குழந்தை பள்ளி செல்லும் வயதை எட்டவில்லை. அவளுடைய தாயின் பெயர் தாங்கிய பள்ளிக்கு ஒவ்வொரு காலையும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வந்தார்கள்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அன்று என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் கூறிய விடை சரியானதே. ஆனால் முழுமையானதன்று என இப்போது நினைக்கிறேன். சுவரிலுள்ள படம் நம்மிடம் நடந்து வர முடியாது. அப்படத்துக்குரியவர் எதன்பொருட்டு வாழ்ந்தாரோ, அதனை ஆசிரியர்களும் பெற்றோருமாகிய நாம் ஒவ்வொரு நாளும் வகுப்பறைக்குக் கொண்டுவந்தால், அவர் வந்ததாகவே பிள்ளைகள் அறிவார்கள். மாலையைவிட அதுவே வாடாத மரியாதை.